ஆற்றங்கரை இல்லாத நகரம்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் கந்தர்வக்கோட்டையை நெருங்கும்போதே மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. வண்டலும் வாய்க்காலும் பின்தங்க, செம்மண்ணும் சரளையும் முந்திரிக் கொல்லைகளும் ஏரியை நம்பிய வயல்களும் தொடங்குகின்றன. தமிழ்நாட்டு வரலாற்றை எழுதியவர்களில் பலர் இந்த நிறமாற்றத்தையே ஓர் எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டார்கள். கோட்டுக்கு வடக்கே காவிரி, நெல், பெருங்கோயில், பேரரசு. தெற்கே வானம் பார்த்த பூமி, குறுநிலத் தலைவர்கள், போர்க்களங்கள். ஆறு பாய்ந்தால் விளைச்சல், விளைச்சல் மிஞ்சினால் நகரம் என்ற கணக்கு நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். ஆனால் இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், விராலிமலைக்குத் தெற்கே, வற்றாத ஆறு எதுவும் ஓடாத ஓரிடத்தில், பல நூற்றாண்டுகள் ஒரு நகரம் செழித்திருந்தது. அதுதான் கொடும்பாளூர். அங்கே கூடிய பாதைகளும், அந்தப் பாதைகளையே பிழைப்பாகக் கொண்ட வணிகர் குழுவுமே அந்த நகரத்தை ஆக்கின. அரசர்கள் அதன்மேல் வந்து அமர்ந்தவர்கள் என்பது என் வாதம். இதைப் புரிந்துகொள்ளக் காவிரிக்கரை ஊர்களைவிட, பாரசீக வளைகுடாவின் வறண்ட கரையில் செழித்த சிராஃப் என்ற பழைய நகரம் அதிகம் உதவும். இரண்டும் ஒரே வணிக வலையின் முடிச்சுகளாகவும் இருந்தன.

இன்று கொடும்பாளூர் என்றால் நினைவுக்கு வருவது மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன், தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணா ஆகியோர் பெயராலும் எடுப்பித்த மூன்று விமானங்களில் இரண்டு இன்னும் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவற்றைச் சுற்றி பதினைந்து சிறு கோயில்களின் அடித்தளங்களும் திருச்சுற்று மதிலின் தடமும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. கோயில் சுவரில் கிரந்த எழுத்தில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, இருக்குவேளிரின் குலவரிசையைச் சொல்கிறது. வாதாபியை வென்றவன் என்ற பட்டம் பெற்ற முன்னோன், சளுக்கியரோடு போரிட்ட சமராபிராமன், அவன் மணந்த சோழ இளவரசி அனுபமா, காவிரிக்கரையில் பல்லவப் படையை முறியடித்த பூதி என்று அது நீள்கிறது. இக்கல்வெட்டின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பத்தாம் நூற்றாண்டா என்பதில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி காலத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தில் செலவான மையில் ஒரு பங்காவது அந்த ஊரின் கடைத்தெருவுக்குச் செலவாகியிருந்தால் நமக்கு வேறொரு கொடும்பாளூர் கிடைத்திருக்கும். குலவரிசையைக் கொண்டு ஊரின் வரலாற்றை எழுதினால், குலம் தோன்றியபோது ஊர் தோன்றியதாகவும், குலம் மறைந்தபோது ஊர் மறைந்ததாகவும் தோற்றம் ஏற்பட்டுவிடுகிறது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை.

கொடும்பாளூரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய இலக்கியச் செய்தி ஓர் அரசனைப் பற்றியதன்று, ஒரு வழியைப் பற்றியது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், உறையூரைக் கடந்து தெற்கே நடக்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் ஒருவன் வழி சொல்கிறான். கொடும்பை என்ற கொடும்பாளூரின் பெரிய குளத்தை அடைந்தால் அங்கே பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் சிறுமலை வழி, இடப்பக்கம் திருமால் குன்றத்து வழி, நடுவே ஒன்று. மூன்றும் மதுரைக்கே போகும். காப்பியத்தின் காலம் பற்றி அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வராவிட்டாலும், இருக்குவேளிர் கல்லில் எழுதத் தொடங்குவதற்கு முன்பே, மூன்று வழிகள் பிரியும் இடமாகவும் வழிப்போக்கர் நம்பிப் போகக்கூடிய பெருங்குளம் உள்ள இடமாகவும் கொடும்பாளூர் புலவனின் நினைவில் இருந்தது என்பது தெளிவு. திருச்சிக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஊர் இருக்கிறது. பொதிமாடுகளும் சுமை தூக்குவோரும் ஆற்றுச் சமவெளியை விட்டு ஏறி, வறண்ட மேட்டுநிலத்தில் இரண்டு மூன்று நாள் நடந்த பிறகு தண்ணீரும் பாதுகாப்பும் தேடும் இடத்தில்தான் அது அமைந்திருக்கிறது. இங்கே பெருங்குளம் என்பது வயலுக்கு மட்டும் உரியதாக இருந்திருக்க முடியாது. வழிப்போக்கரும் பொதிமாடுகளும் குடித்துத் தங்காத ஊர் காப்பியத்தின் வழிக்குறிப்பில் இடம்பெறாது.

இது போர்ப்பாதை, வணிகப்பாதை அல்ல என்று ஒருவர் சொல்லலாம். அதற்கும் சான்றுகள் உண்டு. பாண்டியர்களின் வேள்விக்குடிச் செப்பேடு, எட்டாம் நூற்றாண்டில் மாறன் ராசசிம்மன் வென்ற களங்களின் பட்டியலில் கொடும்பாளூரைச் சேர்க்கிறது. பத்தாம் நூற்றாண்டின் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, பின்வந்த ராசசிம்மன் கொடும்பையில் போரிட்டதைச் சொல்கிறது. சோழனுக்கும் பாண்டியனுக்கும், அதற்கு முன் பல்லவனுக்கும் பாண்டியனுக்கும் இடையே நசுங்கிய எல்லைக்காவல் ஊர் என்றே பாடநூல்கள் இதைக் காட்டுகின்றன. ஆனால் எல்லையில் ஊர்கள் பல இருந்தன. ஒரே ஊர் இருநூறு ஆண்டு இடைவெளியிலும் திரும்பத் திரும்பப் போர்க்களமாவது, அதைப் பிடித்தால் வழி கையில் வரும் என்பதால்தான். வழி கையில் வந்தால் சுங்கமும் வரும். போரிட்ட அரசர்கள் அந்த ஊரை உருவாக்கவில்லை. ஏற்கெனவே விலை உள்ளதாக இருந்த ஒன்றுக்காகத்தான் அவர்கள் மோதினார்கள். மூவர் கோயில் கல்வெட்டில் உள்ள இன்னொரு செய்தியும் இதே திசையில் போகிறது. பூதி விக்கிரமகேசரி அங்கே ஒரு பெரிய மடத்தைக் காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்குக் கொடுத்து, ஐம்பது தவசிகளுக்கு உணவளிக்கப் பதினொரு ஊர்களையும் விட்டுக்கொடுத்தான். மல்லிகார்ச்சுனர் மதுரையைச் சேர்ந்தவர். காளாமுகமோ கன்னட நாட்டில் வேரூன்றிய நெறி. ஊர் ஊராகச் சென்று பழகிய துறவிகளுக்கு ஐம்பது பேர் உண்ணும் மடம் அமைய வேண்டுமானால், அந்த ஊர் நாலு திசை மக்களும் வந்துபோகும் ஊராக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த சான்று வணிகர்களின் பெயரிலேயே இருக்கிறது. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று வணிகக் குழுக்கள் வருகின்றன. இவற்றில் ஐந்நூற்றுவர் நாடு கடந்து பரவிய பெருங்கூட்டமைப்பு. அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்து கரையோரம் குடியேறிய யூதர், கிறித்தவர், முஸ்லிம் வணிகர்களின் அமைப்பு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மணிக்கிராமமோ உள்நாட்டு வணிகர்களுடையது. ஊர்ப்பெயரோடு சேர்த்தே அழைக்கப்பட்டது. உறையூரில் ஒரு மணிக்கிராமம் இருந்தது. அதைவிட நீண்ட காலம் கல்லில் நின்ற பெயர் கொடும்பாளூர் மணிக்கிராமம். துறைமுகமே இல்லாத, கடலுக்குப் பல நாள் நடை தூரத்தில் இருந்த ஊரின் பெயரைத் தாங்கிய குழு அது. இதே மணிக்கிராமம் என்ற பெயர், கேரளக் கரையில் கொல்லத்தில் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கி.பி. 849இல் வருகிறது. சேர அரசன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள், மருவான் சபீர் ஈசோ என்ற கிறித்தவ வணிகர் எடுப்பித்த பள்ளிக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் கொடுத்தார். அவற்றைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமத்துக்கும் தரப்பட்டது. செப்பேட்டின் உடல் வட்டெழுத்தில் இருக்கிறது. ஆனால் சாட்சிகளின் கையெழுத்துகள் அரபியின் கூஃபி எழுத்திலும், பழம்பாரசீகத்தின் பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீக மொழியிலும் உள்ளன. தமிழ் உள்நாட்டு வணிகர் குழுவும் பாரசீகம் பேசிய வணிகர்களும் ஒரே ஆவணத்தில் பொறுப்பாளிகளாகவும் சாட்சிகளாகவும் கூடியது இப்படித்தான்.

அந்தப் பாரசீகர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு, செப்பேட்டுக்கு இரண்டே ஆண்டு பிந்திய நூல் ஒன்று விடை தருகிறது. கி.பி. 851இல் அரபியில் தொகுக்கப்பட்ட சீன, இந்தியச் செய்திகள் பற்றிய அந்த நூல் கடல்வழியை இப்படி விவரிக்கிறது: பஸ்ராவிலிருந்தும் ஓமானிலிருந்தும் சரக்குகள் சிராஃப் நகருக்கு வரும், அங்கே பெரிய கப்பல்களில் ஏற்றப்பட்டு மஸ்கட் வழியாகச் செல்லும், ஒரு மாதக் கடற்பயணத்தில் கொல்லம். சிராஃபைச் சேர்ந்த அபு ஸைத் என்பவர் பத்தாம் நூற்றாண்டில் இந்நூலுக்குத் தொடர்ச்சி எழுதினார். கொல்லத்துச் சாட்சிகள் எல்லோரும் சிராஃப்காரர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் கொல்லத்துக்கும் பாரசீகத்துக்கும் இடையிலான கப்பல்வழியின் தலைவாசல் சிராஃப்தான். பாரசீகர் தொடர்பு மேற்குக் கரையோடு நின்றுவிடவுமில்லை. சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றி இருப்பதும் பகலவி எழுத்துதான்.

சிராஃப் இருந்த இடம் இன்றைய ஈரானின் புஷேர் மாகாணத்தில் தாஹிரி என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. பின்னால் செங்குத்தான மலை, முன்னால் கடல், நடுவே ஒரு குறுகிய கரைத்துண்டு. வெயிலுக்குப் பெயர்போன இடம், விளைநிலம் இல்லை, குடிநீர் கிணறுகளிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும்தான், பழமும் காயும்கூட வெளியிலிருந்து வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்த நகரம் பரப்பில் ஷிராசுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது என்று பத்தாம் நூற்றாண்டுப் புவியியலாளர் இஸ்தக்ரி எழுதினார். வீடுகள் பல அடுக்குகள் கொண்டவை. அவற்றின் மரம் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தது. அகில், கற்பூரம், சந்தனம், யானைத்தந்தம், கருங்காலி, மணிகள், மணப்பொருள்கள் எல்லாம் அங்கே இறங்கின. 1966 முதல் 1973 வரை டேவிட் ஒயிட்ஹவுஸ் தலைமையில் நடந்த அகழாய்வு, சாசானியர் காலக் கோட்டை ஒன்றின் இடிபாட்டின்மேல் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய பள்ளிவாசலையும், கடைத்தெருவையும், செல்வர்களின் மாளிகைகளையும், சீனப் பீங்கான் துண்டுகளையும் வெளிக்கொணர்ந்தது. கோட்டைக்கு மேல் பள்ளிவாசல் எழுந்தது என்ற செய்தி கவனிக்கத்தக்கது. சாசானிய அரசு ஏழாம் நூற்றாண்டில் விழுந்தது. ஆட்சியும் மதமும் மாறின. ஊர் மட்டும் சிறுக்காமல் பெருத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ராமிஷ்த் என்ற சிராஃப் வணிகர், மக்காவில் உள்ள காபாவுக்குச் சீனத் துணியால் போர்வை சாத்தினார். அதன் நீர்த்தாரைக்குப் பொன் கொடுத்தார். அரசர்கள் செய்யும் கொடையை அந்த நூற்றாண்டில் ஒரு வணிகர் செய்தார்.

துறைமுகத்தையும் உள்நாட்டு ஊரையும் ஒப்பிடுவது பொருந்துமா என்று கேட்பது நியாயம். சிராஃபுக்குக் கப்பல் இருந்தது, கொடும்பாளூருக்கு மாட்டுப்பொதிதான். சிராஃபில் உள்ளூர் மன்னர் குலம் என்று சொல்லத்தக்க ஒன்று மேலோங்கவில்லை. கொடும்பாளூரில் வேளிர் இருந்தார்கள். இந்த வேறுபாடுகளை மறைக்கவேண்டியதில்லை. நான் ஒப்பிடுவது ஒரே ஒரு பண்பை: சுற்றுப்புற மண்ணின் விளைச்சலை வைத்து விளக்க முடியாத நகரம், கடந்துபோகும் சரக்கை வைத்து விளக்கப்படுகிறது. சிராஃபில் அது கண்கூடாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே வயலே இல்லை. கொடும்பாளூரில் குளத்துப் பாசனமும் நெல்லும் இருந்தன. அதனால் உண்மை மங்கலாகத் தெரிகிறது. தெளிவாகத் தெரியும் இடத்தை வைத்து மங்கலான இடத்தைப் படிப்பது வரலாற்றில் பழைய முறைதான்.

கொல்லத்து மணிக்கிராமமும் கொடும்பாளூர் மணிக்கிராமமும் ஒரே அமைப்பு என்பதற்கு நேரடிச் சான்று உண்டா என்றால், இல்லை. மணிக்கிராமங்கள் பல இருந்தன; ஒவ்வொன்றும் தன் ஊரோடு கட்டுப்பட்டது. ஆனால் அவை ஒரே வகைப்பட்டவை, ஒரே முறையில் இயங்கியவை என்பதற்குக் கடல் கடந்த சான்று ஒன்று இருக்கிறது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டதையும் சொல்கிறது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரை அந்தக் குளம் தாங்கியிருக்கிறது. அந்நிய மண்ணில் இறங்கியதும் வணிகர் முதலில் தேடியது தண்ணீரைத்தான். இதே வழக்கத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே காணலாம். திருமயம் பக்கத்தில் முனிசந்தையில் உள்ள ஆரம்பச் சோழர் காலக் கல்வெட்டில், ஓர் ஏரி திசையாயிரத்து ஐந்நூற்றுவரின் பெயரால் பேரேரி என்று அழைக்கப்படுகிறது. நார்த்தாமலையும் நகரத்தார் ஆட்சி நடந்த வணிக ஊர். ஐந்நூற்றுவரின் தடம் அங்கும் உண்டு. ஏரி என்றாலே வேளாண்மை என்று படிக்கப் பழகியிருக்கிறோம். வறண்ட நிலத்தில் ஏரி வெட்டவும் கரை காக்கவும் தேவைப்பட்ட காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சில ஏரிகளுக்கேனும் பதில் வணிகரிடம் இருக்கிறது.

வேளிரின் செல்வாக்கை நான் குறைத்துச் சொல்வதாகத் தோன்றலாம். அவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பூதி ஆதித்த பிடாரி என்ற இருக்குவேள் இளவரசி, முதலாம் பராந்தகனின் மகன் அரிகுலகேசரியை மணந்து, திருச்செந்துறையில் கற்றளி எடுப்பித்தாள். பராந்தகன் சிறியவேளான் சுந்தர சோழனின் படைத்தலைவனாக ஈழத்தில் போரிட்டு உயிர்விட்டான். பெண் கொடுத்தும் படை கொடுத்தும் சோழரோடு பிணைந்திருந்த இந்தக் குலம், சோழப் பேரரசு உறுதிப்பட்ட பின் அதற்குள்ளேயே கரைந்துபோயிற்று. பதினொன்றாம் நூற்றாண்டுக்குப் பின் தனித்த ஆட்சியாளர்களாக அவர்கள் கல்வெட்டுகளில் தென்படுவது அரிது. நகரத்தை ஆக்கியது குலம் என்றால், குலத்தோடு நகரத்தின் பெயரும் தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில், இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் பல ஊர் வணிகர்கள் கூடி ஒரு கல்வெட்டு பொறித்தபோது, அதில் கோனாட்டுக் கொடும்பாளூர் மணிக்கிராமம் பெயரோடு இடம்பெறுகிறது. வேளிர் போய் இருநூறு ஆண்டு ஆன பிறகும் கொடும்பாளூரின் பெயரைச் சபையில் சொன்னவர்கள் வணிகர்கள். என் வாதத்தின் முதுகெலும்பு இந்தக் கல்வெட்டுதான்.

பிரான்மலைக் கல்வெட்டு படிக்கப் படிக்கத் தெவிட்டாத ஆவணம். தங்கள் சரக்குகள்மீது ஒரு பங்கைக் கோயிலுக்கு விட்டுக்கொடுத்த வணிகர்கள், அந்தச் சரக்குகளை வரிசையாகச் சொல்கிறார்கள். உப்பு, நெல், அவரை, ஆமணக்கு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பஞ்சு, நூல், புடவை, மெழுகு, தேன், எள், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், குதிரை, யானை. ஏழை வீட்டு அடுப்படியிலிருந்து அரண்மனை லாயம் வரை ஒரே பட்டியலில் வந்துவிடுகிறது. இதில் முதற்பாதி சுற்றுவட்டாரத்துச் சரக்கு; பிற்பாதியில் தொலைதூரம் பேசுகிறது. அகிலும் சந்தனமும் சிராஃப் கரையில் இறங்கியதாக இஸ்தக்ரி சொன்ன பொருள்கள். பன்னீரோ எதிர்த்திசையில் வந்திருக்கக்கூடிய பொருள்: பாரசீகத்தின் பார்ஸ் மாகாணத்தில் ஜூர் என்ற ஊரின் ரோசாப் பன்னீர் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போனதை அரபுப் புவியியலாளர்கள் பதிந்திருக்கிறார்கள். பிரான்மலை வழியே போன பன்னீர்க் குடுவைகள் ஜூரிலிருந்து வந்தவை என்று நிறுவ வழியில்லை. குதிரையைப் பற்றி அத்தகைய ஐயம் தேவையில்லை. தமிழ்நாட்டில் போர்க்குதிரை வளர்ந்து பெருகவில்லை, கடல்வழியே வந்தது.

குதிரை வணிகத்துக்குப் பாரசீகத் தரப்பிலிருந்தே சாட்சி உண்டு. ஷிராசைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியைப் பற்றி எழுதும்போது, கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் பாண்டியனோடு செய்த ஏற்பாட்டைக் குறிப்பிடுகிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அவர் தம் லாயத்திலிருந்தே அனுப்ப வேண்டும். பாரசீக வளைகுடாவின் மற்றத் துறைகளிலிருந்தும் குதிரைகள் போகும். ஒரு குதிரையின் விலை 220 தினார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை உண்டு. அதற்கு முந்தைய தலைமுறையில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியானதாகவும் அவர் சொல்கிறார். அந்த எண்ணை ஒரு மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் உயர்பதவி பெற்று, காயல் உள்ளிட்ட துறைகளைப் பொறுப்பேற்றிருந்தார். இந்த வணிகத்தின் நினைவு நம் பக்தி மரபில் வேறு உருவத்தில் தங்கியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்தான் திருப்பெருந்துறை. பாண்டியனின் அமைச்சராகக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த மாணிக்கவாசகர், அதைக் கோயிலுக்குச் செலவிட்டதும், சிவன் குதிரை வணிகனாக வந்து நரிகளைப் பரிகளாக்கிக் கொடுத்ததும் எல்லோரும் அறிந்த கதை. புராணத்தை வரலாறாக்க நான் முயலவில்லை. ஆனால் கப்பலில் குதிரை வரும், அரசன் பொன் கொடுத்து வாங்குவான், வணிகன் அவற்றை மதுரைக்கு ஓட்டிப் போவான் என்ற நடைமுறையைக் கதை கேட்டவர்கள் விளக்கம் இல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள். தெரிந்த உலகத்தின்மேல்தான் அற்புதம் நிகழ முடியும்.

நெல்லைக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது என்று வாதிடுபவர்கள் இடங்கழி நாயனாரைக் காட்டலாம். கோனாட்டுக் கொடும்பாளூரை ஆண்ட வேளிர் குலத்து இடங்கழியாரின் நெற்பண்டாரத்தில் ஓர் அடியார் இரவில் திருடப் புகுந்து பிடிபட்டார். அடியார்களுக்கு அமுது படைக்கவே திருடினேன் என்று அவர் சொன்னதும், நாயனார் பண்டாரத்தையே அடியார்களுக்குத் திறந்துவிட்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அரசனிடம் நெல் நிறைந்திருந்தது என்பதற்கு இது சான்று. ஊரில் எல்லோரிடமும் நெல் நிறைந்திருந்தது என்பதற்கு எதிரான சான்றும் இதுவே. ஏரிப்பாசன நாட்டில் நெல் பொதுவாக மிஞ்சுவதில்லை, சேர்த்து வைக்கப்படுகிறது. சேர்த்து வைக்கும் வலிமை அரசனுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்போதும் மிஞ்சும். இந்த வறண்ட நிலத்துக்குத் தொலைநாட்டுப் பொன் வந்தது வேளிருக்கும் வெகுமுன்பே தொடங்கிய கதை. ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன; பெரும்பாலானவற்றின் முகத்தில் உளிவெட்டு விழுந்திருந்தது, அதாவது அவை நாணயமாக அல்ல, எடைப்பொன்னாகக் கைமாறியிருக்க வேண்டும். பொற்பனைக்கோட்டையில் 2023இல் நடந்த அகழாய்வில் பொன் மூக்குத்தியும் சூதுபவள மணியும் வந்தன. சூதுபவளம் இந்த மண்ணில் கிடைக்கும் கல் அன்று. கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே உள்ள நிலம் ஏழை நிலம் என்ற எண்ணம், நெல்லை மட்டும் அளந்ததால் வந்தது.

நகரங்கள் எப்படி முடிந்தன என்பதும் அவை எதனால் வாழ்ந்தன என்பதைக் காட்டும். சிராஃபை 977ஆம் ஆண்டளவில் நிலநடுக்கம் ஏழு நாள் உலுக்கியதாகப் புவியியலாளர் முகத்தசி எழுதுகிறார். ஆனால் நிலநடுக்கம் மட்டும் ஒரு நகரத்தைக் கொல்லாது. இடிந்த வீடுகளை மீண்டும் கட்டப் பணம் இருந்த வணிகர்கள், கப்பல்கள் கீஷ் தீவில் நிற்கத் தொடங்கியதும் மெல்ல அங்கே போனார்கள். பிறகு வணிகம் ஹோர்முசுக்குப் போயிற்று. நிலத்தோடு கட்டுண்ட உழவன் இடிந்த ஊரிலும் இருந்தே ஆக வேண்டும்; வணிகனுக்கு அந்தக் கட்டு இல்லை. கொடும்பாளூரின் மறைவிலும் தீவைப்பு, முற்றுகை, அழிவு என்று எந்தப் பெருங்கதையும் நமக்கு வரவில்லை. பாண்டியப் பேரரசு சிதைந்து, பாதைகள் வேறு தலைநகரங்களை நோக்கித் திரும்பியபோது, சரக்கு வேறு வழியில் போயிற்று. சரக்கோடு மணிக்கிராமத்தின் பெயரும் போயிற்று. மிஞ்சியது வயலும் கோயிலும் குளமும் உள்ள ஒரு கிராமம். வேளாண்மையால் நகரமாகியிருந்தால், அதே வயலும் அதே குளமும் இருக்கையில் அது ஏன் கிராமமாகச் சுருங்க வேண்டும்?

இந்த வாதத்தைப் பொய்யாக்கவோ உறுதிசெய்யவோ வழி உண்டு. கொடும்பாளூரில் இதுவரை தோண்டப்பட்டவை பெரும்பாலும் கோயில்களின் சுற்றுப்புறங்கள். ஐவர் கோயிலின் அடித்தளமும் அப்படித்தான் வெளிப்பட்டது. மக்கள் குடியிருந்த மேடுகளிலும், பழைய குளத்தின் கரையிலும், திருச்சி – மதுரை நாற்கரச் சாலை இன்று ஓடும் பழந்தடத்தின் ஓரத்திலும் மண்ணடுக்குகளைப் பார்த்து அகழ வேண்டும். தேட வேண்டிய பொருளும் தெரிந்ததே. பாரசீக வளைகுடாவின் கப்பல்கள் போன இடமெல்லாம் சாசானிய, இசுலாமியக் காலத்து நீலப்பச்சை மெருகு பூசிய சாடிகளின் துண்டுகள் கிடைக்கின்றன. எண்ணெயோ பேரீச்சம்பாகோ ஏற்றி வந்த சாடிகள் அவை. இலங்கையில் மாந்தைத் துறையில் மட்டுமல்ல, கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் அனுராதபுரத்திலும் அவை ஏராளமாகக் கிடைத்தன. அங்கேயே 1912இல் பாரசீகக் கிறித்தவரின் சிலுவை பொறித்த கல் ஒன்றும் கிடைத்தது. கடற்கரை இல்லாத அனுராதபுரம்வரை அந்தச் சாடிகள் நடந்து போயிருக்கின்றன. கொடும்பாளூரின் குடியிருப்பு மேட்டில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு அடுக்கில் அவற்றின் துண்டுகள் இருந்தால் மணிக்கிராமத்தின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதை அளக்கலாம். முறையாகப் பல இடங்களில் தோண்டியும் உள்ளூர்ப் பானையோட்டைத் தவிர வேறெதுவும் அகப்படாவிட்டால், நகரத்தை வேளிரும் நெல்லும்தான் ஆக்கினார்கள் என்ற பழைய கருத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும்.